அப்பீல் அண்ணாச்சி

இந்த உலகத்தில் மேல்முறையீடு செய்ய முடியாத தீர்ப்பு எதுவுமே கிடையாது என்று மனதார நம்பியவர் எங்கள் மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப் அப்பீல் அண்ணாச்சி. பேக் தைக்கும் கார்கானா, அதாவது சின்னப் பட்டறை, வைத்திருந்தார். பேக் தைத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் ஆட்சேபணைதான்.

டாக்டர் சர்க்கரை இருக்கிறது என்றால் மாஹிமில் இன்னொரு டாக்டரிடம் அப்பீல். அவரும் இருக்கிறது என்றால் காட்கோபரில் இன்னொருவர். ஒருநாள் அவர் மனைவி, எங்கள் மதினி, வைத்த உப்புமாவைத் தின்று முடித்துவிட்டு, உப்பு கூடுதல் என்று ஆட்சேபித்தார்.

"ஆட்சேபணைக்குக் கெடு முடிஞ்சு போச்சு. தட்டைக் கழுவி வையும்" என்றாள் மதினி. அவர் தோற்ற ஒரே கோர்ட் அந்த அடுப்படிதான்.

மே மாதம் எங்கள் சந்து மொத்தமும் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ரயிலேறிவிடும். கொடை இல்லாத கடையநல்லூர் பாய் குடும்பமும் அதே ரயிலில் ஊருக்குப் போய்விடும். வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கும். ஒரு வருஷம் அண்ணாச்சி மட்டும் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். வில்லுப்பாட்டுக்கு யாரை அழைப்பது என்று கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிக்காரர்கள் எடுத்த முடிவை எதிர்த்து அப்பீல் போட்டிருந்தாராம். "அது தீராம நான் கோயில் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று மதினியை மட்டும் அனுப்பிவைத்தார்.

கொடை முடிந்து நாங்கள் திரும்பினால் எங்கள் மைதானத்தில் பலகை முளைத்திருந்தது. குப்பை பிரிக்கும் நிலையம் கட்ட அரசாங்கம் அனுமதி கொடுத்துவிட்டது. எங்களுக்கென்று இருந்த ஒரே வெட்டவெளி அதுதான். கல்யாணப் பந்தல், கிரிக்கெட், ஜமுக்காளம் உலர்த்துவது எல்லாம் அங்கேதான். பெண்கள் பலகையைப் பார்த்து அழவே ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாச்சி முகத்தில் மட்டும் மாப்பிள்ளைக் களை.

"ஏல தம்பி, கெளம்பு. இதுக்குத்தாம்ல நான் பொறந்ததே!"

எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால் துணைக்குப் போனேன். மாட்டுங்காவில் ஒரு வக்கீலம்மா. அண்ணாச்சி குப்பை நாற்றத்தைப் பற்றி ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதோ பாருங்கோ, குப்பை நாறுமா மணக்குமான்னு கோர்ட்டு கேக்காது. முடிவை முறைப்படி எடுத்தாளான்னுதான் பாக்கும். நோட்டீஸ் ஒட்டினாளா? ஜனங்களைக் கூப்பிட்டுக் கேட்டாளா? அதுவும் கெடுவுக்குள்ள, பாதிக்கப்பட்டவா போகணும்."

"கேக்கவே இல்லம்மா, எல்லாரும் ஊர்ல இருந்தோம்" என்றேன்.

"அப்போ அதுதான் கேஸ். ஊரே இல்லாதப்போ விசாரணைக் கூட்டம் நடத்தியிருக்கா."

அண்ணாச்சி வாழ்நாளில் முதல் முறையாக மேல்விளக்கம் எதுவும் கொடுக்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோர்ட்டில் அரசாங்க வக்கீல் சாவகாசமாக எழுந்தார். "கூட்டத்தில் வீட்டுக்காரர்கள் பெயர்களை அதிகாரி வாசித்தார். அத்தனை பேரும் ஆஜர். பெரிதாக எதிர்ப்பும் இல்லை" என்றார். நான் ஊரில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் மும்பையில் ஆஜராகியிருந்தேன்!

வக்கீலம்மா மெதுவாகத் திரும்பினார். அண்ணாச்சியின் காது இரண்டும் சிவந்திருந்தன. சாப்பாட்டு இடைவேளையில் வராந்தாவில் விஷயம் வெளியே வந்தது.

எங்கள் கோயில் வரிக் கூட்டத்தில் ஒரு வழக்கம். பெயர் வாசிக்கும்போது ஆள் வர முடியாவிட்டால் சொந்தக்காரர் யாராவது "உண்டு" என்று குரல் கொடுப்பார். இல்லாவிட்டால் அந்த வீட்டுக்குப் பங்கு விட்டுப்போகும். அண்ணாச்சி அதையே அரசாங்கக் கூட்டத்திலும் செய்துவிட்டார்.

"ஆள் வரலைன்னு எளுதிட்டாவன்னா நம்ம பாத்தியதை போயிரும்லா வக்கீலம்மா? அதான் எல்லா வீட்டுக்கும் நானே உண்டு சொன்னேன். சந்தேகம் வரக்கூடாதுன்னு நாற்காலி மாறி மாறி உக்காந்தேன். அந்த அதிகாரி தலையே நிமிரல."

"கடையநல்லூர் பாய் வீட்டுக்கு?" என்று நான் கேட்டேன்.

"கைக்குட்டையைத் தலையில கட்டிக்கிட்டேன்."

"முத்தம்மாக்கா வீட்டுக்கு?"

"கொஞ்சம் கீச்சுக் குரல்ல சொன்னேம்ல."

"சரி, இத்தனை சொன்னீரே, எதிர்ப்பையும் சொல்லியிருக்கலாம்லா?"

"உண்டு சொல்லி முடிக்கதுக்குள்ள தொண்டை கட்டிப்போச்சுல."

வக்கீலம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நடந்ததை நீங்களே சொன்னா கேஸ் நிக்கும். ஆனா ஜட்ஜுக்கு உங்க மேல கோபம் வரலாம். தண்டனையே கிடைச்சாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்."

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறர் தீர்ப்பில் குற்றம் கண்டே பழகியவர், தன் குற்றத்தைத் தானே சொல்ல வேண்டும். எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் திரும்ப உள்ளே போனதும், வக்கீலம்மா சைகை காட்டும் முன்பே அவர் எழுந்து நின்று தன் பம்பாய் இந்தியில் சொன்னார்:

"சாப், வோ சப் லோக் மைச் தா."

அதாவது, அந்த எல்லாருமே நான்தான் ஐயா! ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெண்களுமா?"

"ஹா சாப்."

ஜட்ஜ் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. பிறகு அண்ணாச்சியை நன்றாகவே ஏசினார். அதைவிட அதிகமாக, தலை நிமிராமல் கூட்டம் நடத்திய அதிகாரிக்குக் கிடைத்தது. அனுமதி ரத்து. ஜனங்கள் ஊரில் இருக்கும் நாளில், அவர்களுக்குப் புரியும் மொழியில் நோட்டீஸ் ஒட்டி, முதலிலிருந்து கூட்டம் நடத்த உத்தரவு.

"இந்தத் தடவை நீங்க வாயே திறக்கப்படாது" என்று வக்கீலம்மா அண்ணாச்சியைக் கண்டித்து, வாக்கும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

புதுக் கூட்டத்துக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். பாய் குடும்பத்தோடு வந்திருந்தார். முத்தம்மாக்கா தன் சொந்தக் குரலில், குப்பை வேண்டாம் என்று போட்ட போட்டில் அதிகாரி தண்ணீர் கேட்டார். அன்றைக்கே திட்டம் எங்கள் மைதானத்தை விட்டு ஓடிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இன்றுவரை திரும்பி வரவில்லை.

பெயர் வாசிக்கையில் ஒரு பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை. அதிகாரி மறுபடி வாசித்தார். யாரது என்று விழித்த பிறகுதான், அது அண்ணாச்சியின் நிஜப் பெயர் என்று எங்களுக்குப் புரிந்தது. மூன்றாவது வரிசையில் இருந்தார். வக்கீலம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தார்; கண் மட்டும் தவித்துக்கொண்டிருந்தது.

மண்டபம் மொத்தமும் அவருக்காகக் கத்தியது: "உண்டு!"

அந்த ஒரு தீர்ப்பை எதிர்த்து மட்டும் அண்ணாச்சி அப்பீல் போடவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.