மார்கழியில் குடியேறிய பதினோரு குஞ்சுகள்

என் வசதிக்காக நான் செய்கிற எதற்கும் ஓர் உயர்ந்த காரணம் உடனே கிடைத்துவிடும். இது ஒரு வியாதி. வெங்காயம் நறுக்க மறுத்தால்கூட அதற்குள் ஒரு தரிசனம் இருக்கும்.

வேப்பம்பட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்த வருடம் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. அதிகம் நடமாடக் கூடாது என்றார்கள். பேச்சுத் துணைக்குப் புருஷன் போதவில்லை போலிருக்கிறது; மகள் பதினோரு கோழிக்குஞ்சுகளை வாங்கி வந்தாள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, மேலே ஒரு குண்டு பல்பு, இடம் எங்கள் படுக்கையறை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் குஞ்சுகளோடு பேச ஆரம்பித்தாள். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். எனக்கோ நாற்றம், ஓயாத கீச்சு, கண்ணைக் குத்தும் வெளிச்சம். மூன்று வாரம் தாங்கினேன். (இதை வெளியே சொல்ல முடியுமா? குஞ்சுகளுக்கு ‘விடுதலை’ என்று சொன்னேன்.)

பின்பக்கம் பலகையும் கம்பிவலையும் வைத்து ஒரு கூண்டு அடித்தேன். மார்கழியில் யாராவது குடி போவார்களா, தை பிறக்கட்டும் என்றாள் மனைவி. கோழிக்கு ஏது பஞ்சாங்கம் என்று சிரித்தேன். பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா, இங்கே வயல் இருந்த காலத்திலிருந்து கோழி வளர்ப்பவர், காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், பல்பு சூட்டுல வளந்ததுங்க. றெக்கையே இன்னும் சரியா மொளைக்கல. இந்தப் பனியில உட்டா வெறச்சிப் பூடும். மத்தியானம் வெய்யில்ல கொஞ்ச நேரம் உட்டுட்டு, திரும்ப ஊட்டுக்குள்ள எட்த்துகினு போங்க. பத்து நாள்ல பழகிடும்.”

காட்டில் யார் பல்பு மாட்டினார்கள் என்று கேட்டேன்.

“காட்ல தாய்க்கோழி கீது சார்.”

இதெல்லாம் ஒரு வாதமா என்பதுபோலத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

மறுநாள் டாக்டரைப் பார்க்க மனைவியும் மகளும் விடிவதற்குள் ரயிலேறினார்கள். ரயில் சத்தம் ஓய்வதற்குள் பெட்டியைத் தூக்கிப்போய்ப் பதினோரு பேரையும் பனிக்குள் இறக்கிவிட்டேன். அசையாமல் நின்றன. வியந்து நிற்கின்றன என்று எடுத்துக்கொண்டேன். படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டுக் கீழே நாலு வரி எழுதினேன். வானம் என்பதா, ஆகாயம் என்பதா? முடிவெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. கைதட்டல்களும் இதயங்களும் வந்துகொண்டே இருந்தன.

திரும்பிப் போனபோது கூண்டின் மூலையில் ஒரு சின்னக் குவியல். சூடு தேடி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. அடியில் இருந்தவை மூச்சுமுட்டிப் போயிருந்தன. ஓரத்தில் கிடந்தவை விறைத்துவிட்டன. என் கூச்சலில் லட்சுமி அக்கா ஓடிவந்தார். உயிர் இருந்த ஐந்தை முந்தானையில் சுருட்டிக்கொண்டுபோய் பல்புக்கு அடியில் வைத்தார்.

மத்தியானம் மனைவி வந்தாள். நான் ஒரு நீண்ட விளக்கம் தயாரித்து வைத்திருந்தேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“நான் கெளம்பட்டும்னுதான் காத்திருந்தீங்களா?”

அந்த வாரம் அவள் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

போன மாதம் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஸ்டேஷன்வரை வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன்.

“வேணாம்ப்பா, அம்மா வரட்டும். நீங்க வழியனுப்பினா பாதிப்பேருகூட தேற மாட்டாங்க.”

வீடே சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்காமல், கட்டி முடித்த பெட்டியைத் திறந்து இன்னொரு ஸ்வெட்டரை வைத்தாள்.