மல்லாட்டை மில்லில் இங்கிலீஷ்

"யாரு கூட பேசிக்கினு இருக்கே?"

தலைக்கு மேலே குரல் கேட்டதும், பொன்னியின் வாயில் பாதி வந்திருந்த 'ஓவர்ஹெட்' தொண்டைக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தாள். மேஸ்திரி தேவநாதன்.

"யாரு கூடவும் இல்லைங்க."

"வாய் அசையுதே?"

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். கையிலிருந்த முறத்தைப் பார்த்தாள். அதில் மல்லாட்டை என்கிற நிலக்கடலைப் பருப்பும் சொத்தையும் மண்ணும்தான் கிடந்தன. உதவிக்கு ஒரு பொய்கூட இல்லை.

"திரௌபதி அம்மனுக்கு வேண்டுதலுங்க. வாய்க்குள்ளயே பேர் சொல்லிக்கினு இருக்கேன்."

மேஸ்திரி பக்திமான். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்படின்னா விரதம் இருப்பியே?"

"ஆமாங்க."

"அப்ப மத்தியானச் சோறு?"

தூக்குச்சட்டியில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. பொன்னி எச்சிலை விழுங்கிக்கொண்டு, "சாப்பிட மாட்டேங்க" என்றாள். மேஸ்திரி அந்தத் தூக்கைத் தன் கையாலேயே எடுத்துப் பக்கத்தில் இருந்த வீரம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனார். வீரம்மாள் மிச்சம் வைக்கவில்லை.

இத்தனைக்கும் காரணம் முதலாளி சுப்பராயலுதான். விழுப்புரத்தில் மல்லாட்டை மில் வைத்து நடத்துகிற மனிதருக்கு எல்லாம் இருந்தது, வாய் மட்டும் கிடையாது. பருப்பு பொறுக்கும் பெண்கள் கூலி உயர்வு கேட்டாலும், டீ கேட்டாலும், அவர் அறை வாசலில் வந்து நின்று பேசியே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதிலும் வீரம்மாள் பேச ஆரம்பித்தால் அவர் கைக்குட்டையைத் தேடுவார்.

அந்த எண்பத்தைந்தாம் வருஷம் அவருக்குப் புத்தி வேறு பக்கம் வேலை செய்தது. ஒரு நாள் காலையில் அறையை விட்டு வெளியே வந்தார். "ஓவர்ஹெட்! பிராஃபிட் மார்ஜின்! ரிட்ரென்ச்மென்ட்!" என்றார். "இனிமே மில்லு சமாச்சாரம் எல்லாம் இங்கிலீஷ்லதான் பேசுவேன். பதில் சொல்றதுன்னா நீங்களும் இங்கிலீஷ்ல சொல்லுங்க." கதவைச் சாத்திக்கொண்டார்.

வீரம்மாள் வாழ்க்கையில் முதல் முறையாக வாயடைத்து நின்றாள். "திட்டறாராடி? திட்டுனாலும் திருப்பித் திட்டலாம். இதுக்கு இன்னா பண்றது?"

விஷயம் மேஸ்திரி மூலம் கசிந்தது. பருப்பைச் சலித்துப் பிரிக்கிற மெஷின் ஒன்று மெட்ராஸிலிருந்து வரப்போகிறது. வந்தால் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை கிடையாது; முதலாளி சொன்ன ரிட்ரென்ச்மென்ட் அதுதான். பொன்னி தன் வீட்டை நினைத்துக்கொண்டாள். புருஷன் பெரியசாமி பார வண்டியிலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து படுத்துக்கிடந்தான். வீட்டில் அடுப்பு எரிவதே இந்த முறத்தால்தான்.

ஒன்பதாவது வரை படித்தவள் அவள் ஒருத்தி. ஆகவே எல்லாருமாகச் சேர்ந்து அவளை இங்கிலீஷ் படிக்க அனுப்பினார்கள். விழுப்புரத்தில் படித்தால் சாயங்காலத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விடும் என்று, திண்டிவனத்தில் லூர்துமேரி டீச்சரைக் கண்டுபிடித்தார்கள். கடைக்காரர்களுக்கும் கணக்குப்பிள்ளைகளுக்கும் வீட்டு முன்னறையில் வியாபார இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவர்.

முதல் நாள் டீச்சர் கேட்டார். "எந்த மில்லும்மா?"

"சுப்பராயலு மொதலாளி மில்லுங்க." மெஷின் கதையையும் பொன்னி சொல்லி அழுதாள்.

டீச்சர் எழுந்துபோய் டஸ்டரை எடுத்தார். பிறகு பலகையில் இருந்ததை முழுக்க அழித்துவிட்டு, புதிதாக ஒரு பாடம் எழுதினார். ஒரு முதலாளிக்கும் ஒரு தொழிலாளிக்கும் நடக்கும் பேச்சு.

"இதை மட்டும் உருப்போடு. முன்ன பின்ன ஒரு வார்த்தை தள்ளக் கூடாது."

"அவரு வேற ஏதாச்சும் கேட்டுட்டா டீச்சர்?"

"கேக்க மாட்டாரு. மொதலாளிங்க எல்லாரும் ஒரே மாதிரிதாம்மா பேசுவாங்க."

செவ்வாயும் வெள்ளியும் அரை நாள் லீவு தேவைப்பட்டது. கோயிலில் விளக்கு போட வேண்டும் என்றாள். இரண்டாவது வாரமே மேஸ்திரி வந்து நின்றார்.

"நான் திரௌபதி அம்மன் கோயில்லதான் இருந்தேன். உன்னைக் காணமே?"

"நான் போறது திருவாமாத்தூருங்க. அங்கயும் ஒரு வேண்டுதல்."

"ரெண்டு கோயிலா!" மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இம்மாம் பக்தியை நான் பார்த்ததில்ல. இந்த வருஷம் தீமிதிக்கு உன் பேரையும் சேர்த்துடறேன்."

பொன்னி வாயைத் திறந்தாள். இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பாடம் முடிந்து தெருவில் இறங்கினாள். எதிரே வெள்ளை அம்பாசிடர் கார் திரும்பியது. விழுப்புரத்தில் அந்தக் காரைத் தெரியாத ஆள் இல்லை. பொன்னி பானைக் கடை அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கார் நின்றது. முதலாளி இறங்கி, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரையோ தேடுகிற பார்வை.

'மோப்பம் பிடிச்சுட்டாரு' என்று நினைத்தாள். தலையைக் குனிந்தவள் கடைக்காரர் அதட்டுகிற வரைக்கும் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டம்தான்.

மறுநாள் முதலாளி நேராக அவள் முறத்துக்கு எதிரே வந்து நின்றார்.

"பொன்னி, உனக்குத் திண்டிவனம் பக்கம் சொந்தம் யாராச்சும் இருக்காங்களா?"

"இ... இல்லைங்க மொதலாளி."

"அந்தப் பக்கம் போறது உண்டா?"

"சாமி சத்தியமா இல்லைங்க."

"நல்லது." நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனவர் வாசலில் திரும்பினார். "திங்கக்கிழமை மெஷின் கம்பெனிக்காரரு வர்றாரு. அவரு முன்னாடியே பேசி முடிச்சுக்கலாம். இங்கிலீஷ்ல!"

இரண்டு நாள் பொன்னிக்குத் தூக்கம் இல்லை. மனப்பாடம் செய்த ஒரே ஒரு பேச்சை நம்பி இத்தனை குடும்பங்களின் சோறு இருந்தது. முதலாளி பாடத்துக்கு வெளியே ஒரு வார்த்தை கேட்டால் போதும், கதை முடிந்தது.

திங்கட்கிழமை முதலாளி அறையில் மெட்ராஸ்காரர் சீனுவாசன் முழுக்கைச் சட்டையும் தோல் பையுமாக உட்கார்ந்திருந்தார். பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சுப்பராயலு எழுந்தார். எதற்கோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆவர் ஓவர்ஹெட் இஸ் வெரி ஹை."

பொன்னிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பாடத்தின் முதல் வரி! டீச்சர் வாக்கு பொய்க்கவில்லை.

"ஆவர் ப்ராடக்டிவிட்டி இஸ் ஆல்சோ ஹை, சார்." செலவு அதிகம் என்றால் வேலையும் அதிகம்தான் நடக்கிறது என்று அர்த்தம்.

"போடுடி!" என்றாள் வீரம்மாள், ஒன்றும் புரியாமலே.

"மார்க்கெட் இஸ் டல்."

"டிமாண்ட் வில் இன்க்ரீஸ் ஆஃப்டர் ஹார்வெஸ்ட், சார்."

அவர் சொல்ல, இவள் சொல்ல, வண்டி தடம் மாறாமல் ஓடியது. சீனுவாசன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாளி முதலீடு பற்றிச் சொன்னார். அடுத்த வரி பொன்னியுடையது. அது வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. விரதமிருந்த வயிறு வேறு அந்த நேரம் பார்த்துக் கத்தியது.

எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் தோற்றுவிட்டாள் என்று முதலாளி சிரித்திருக்க வேண்டும். அவரோ அவளைவிட அதிகமாக வேர்த்துப்போய், அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கே... கேப்பிட்டல் அலோன் கேனாட் ரன் எ மில், சார்!" பணம் மட்டும் இருந்தால் மில் ஓடாது.

முதலாளியிடமிருந்து பெருமூச்சு ஒன்று வந்தது. மார்பை நிமிர்த்தினார். மெட்ராஸ்காரரை ஒரு தடவை பெருமையாகப் பார்த்துவிட்டு, மில்லே அதிரும்படி முழங்கினார்.

"தேர்ஃபோர், ஆல் வொர்க்கர்ஸ் ஷல் பி ரீட்டெய்ன்ட்!"

பொன்னி அப்படியே நின்றுவிட்டாள். பாடத்தின் கடைசி வரி அது. நிஜத்தில் எந்த முதலாளியும் அதைச் சொல்லமாட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"தேங்க் யூ, சார்" என்றாள். அதுவும் பாடத்தில் இருந்தது. பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினாள். "அக்கா! நம்ம எல்லாரையும் வேலையிலயே வச்சுக்கிறாராம்!"

"இன்னாது?" என்றார் முதலாளி.

சீனுவாசன் பையை மூடினார். "ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு. ஒருத்தரையும் நிறுத்த மாட்டேன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் எங்க மெஷின் எதுக்கு? இதைச் சொல்றதுக்கா என்னை மெட்ராஸ்லேர்ந்து வரவழைச்சீங்க?"

சுப்பராயலு வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால், தான் பேசிய இங்கிலீஷ் தனக்கே தெரியாது என்று இத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். வாசலில் வீரம்மாள் வேறு, "மவராசன்! நாக்கு தவறாத மனுசன்!" என்று ஆரம்பித்துவிட்டாள்.

"ஆமா... யோசிச்சுத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு முதலாளி கைக்குட்டையைத் தேடினார்.

செவ்வாய்க்கிழமை பொன்னி வறுத்த மல்லாட்டையைத் துணியில் முடிந்துகொண்டு திண்டிவனம் போனாள். தீமிதி ஒன்று பாக்கி இருந்தது. ஆனால் அன்றைக்கு அந்த நினைப்பே இல்லை. சந்தோஷத்தில் அழுகையாக வந்தது.

"நீங்க எழுதுனபடியே பேசுனாரு டீச்சர். ஒரு வார்த்தை தள்ளல. மொதலாளிங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவாங்கன்னு நீங்க சொன்னப்ப நான் நம்பலைங்க."

லூர்துமேரி டீச்சர் ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, தெருப்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் எங்கம்மா பேசறாங்க? உங்க மொதலாளி ஒருத்தருதான் என்கிட்ட அஞ்சு மணி வகுப்புக்கு வர்றாரு. அவருக்கும் இதே பாடந்தான். கடைசி வரிக்கு இன்னா அர்த்தம்னு ரெண்டு வாட்டி கேட்டாரு. 'அது பரீட்சைக்கு வராதுங்க, சும்மா உருப்போடுங்க'ன்னு சொல்லிட்டேன்."