சாந்தகுமாரியின் வியாதியை ஏலத்தில் விட்டது பற்றி

மதுரை, ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி வராந்தா,
வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் விஜயராஜ் அவர்களுக்கு,

தங்கை மாப்பிள்ளை தங்கபாண்டியன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கோயம்புத்தூரில் தாங்களும் ஜாக்குலின் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே நான் சுகம். தங்கள் தங்கை சாந்தகுமாரியும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கையில் சலைன் ஏறப் படுத்திருக்கிறாள். நாலு மணிக்கு ரத்த ரிப்போர்ட் வரும். நேற்று இருந்த அளவுக்கு மேலே போயிருந்தால் இன்றைக்கே டயாலிசிஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகையால் அவளுடைய சுகத்தை நாலு மணி வரை எழுதாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நேற்று போனில் வயிற்றுக்கோளாறு என்று தங்களிடம் சொன்னது பொய். காது மெஷின் வைத்த நாளிலிருந்து தாங்கள் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கவைக்கிறீர்கள், இது தெரு கேட்கிற விஷயம் இல்லை. அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டவும். பாதியில் திட்டினால் தங்கள் பங்கு என்ன என்பது தெரியாமல் போய்விடும்.

சாந்தகுமாரிக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை இருப்பது தங்களுக்குத் தெரியும். கோடையில் கால் இரண்டும் வீங்கிப் போய் இந்த மதுரை கிட்னி டாக்டரிடம் காட்டினோம். கிட்னி இருபத்தைந்து சதவீதம்தான் வேலை செய்கிறது, ரத்தத்தில் கிரியாட்டினின் 2.4, ஒன்றைத் தாண்டினாலே கோளாறுதான், உப்பைக் குறை, வலி மாத்திரையைத் தொடாதே என்று சொல்லி, வீக்கத்துக்கு நீர் இறங்குகிற மாத்திரையும் எழுதிக்கொடுத்து, "இருக்கிறதைக் காப்பாத்துவோம்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஏலக்காய் வியாபாரம் பார்த்தவன் நான். முதல் ஆள் சொல்கிற விலைக்குச் சரக்கைத் தள்ளிவிடுகிறவன் இல்லை. இருபத்தைந்தை நூறாக்கித் தருகிற ஆள் யார் என்று தேட ஆரம்பித்தேன்.

போடியில் பொற்கொடி என்று ஓர் ஆயுர்வேத டாக்டரம்மா இருக்கிறார். கேரளாவில் படித்தவர். போய் உட்கார்ந்ததும் இங்கிலீஷ் மருந்தை நாலு வார்த்தை திட்டுவார், நாமும் சேர்ந்து திட்டலாம் என்று ஆசையாகப் போனேன். அந்த அம்மா திட்டவே இல்லை. மதுரைச் சீட்டைக் கொண்டுவாருங்கள், ரத்த ரிப்போர்ட்டைக் கொண்டுவாருங்கள் என்று வக்கீல் மாதிரி கேட்டார். சர்க்கரை மாத்திரை தவிர ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மூக்கிரட்டையும் நெருஞ்சிலும் போட்டு ஒரு கஷாயம் தர்றேன். இதுவும் நீரைப் பிரிக்கிற மருந்துதான். செடியில இருந்து வந்ததுன்னு நெனச்சு வெறுந் தண்ணியாட்டம் குடிக்கக் கூடாது. வேற எங்க என்ன சாப்பிட்டாலும் இந்த நோட்டுல எழுதி மதுரை டாக்டருக்கும் காட்டுங்க, எனக்கும் காட்டுங்க" என்று சொல்லி ஒரு நாற்பது பக்க நோட்டும் கொடுத்தார். அதிலிருந்து கிழித்த தாளில்தான் இதை எழுதுகிறேன். மீதிப் பக்கமெல்லாம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். தாங்கள் வாத்தியார் வேலை பார்த்தவர், ஏலக் கூடம் தங்களுக்குத் தெரியாது. அங்கே மாதிரிச் சரக்குத் தட்டில் வரும், மோந்து பார்ப்போம், நகத்தால் கீறிப் பார்ப்போம், கம்ப்யூட்டரில் பட்டனை அமுக்குவோம். பக்கத்து நாற்காலிக்காரன் கூடப்பிறந்தவனாக இருந்தாலும் நாம் என்ன நினைக்கிறோம் என்று அவனுக்குத் தெரியக்கூடாது. ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரியாமல் இருக்கிறவரைதான் போட்டி, போட்டி இருக்கிறவரைதான் நல்ல விலை. வைத்தியமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன் மச்சான். இரண்டு டாக்டரும் ஒருவர் மருந்து மற்றவருக்குத் தெரியாமல் வைத்தியம் பார்க்கட்டும், யார் கிரியாட்டினினை அதிகம் இறக்குகிறாரோ அவருக்கே சாந்தகுமாரியைக் கொடுப்பது என்று முடிவு பண்ணினேன். மதுரையில் கஷாயத்தைச் சொல்லவில்லை, போடியில் மாத்திரையைச் சொல்லவில்லை. சாந்தகுமாரி சொல்லப் போனபோதும், "நீ சும்மாயிரு, இது என் சோலி" என்று அடக்கிவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் கால் வீக்கத்துக்கு என்று தாங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. அந்தப் பொடி டப்பாவில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கவில்லை, யார் செய்தது என்றும் இல்லை. பக்கவிளைவு கிடையாது என்பது மட்டும் நாலு பக்கமும் அச்சடித்திருந்தது. மூன்றாவது ஆளும் ஏலத்துக்கு வந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். காலையில் கஷாயம், டிபனுக்குப் பிறகு மாத்திரை, சாயங்காலம் தங்கள் பொடி. பத்து நாளில் கால் வீக்கம் இருந்த இடம் தெரியாமல் வடிந்துவிட்டது. கடைத்தெருவில் நான் நடந்த நடையைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். புரோக்கர் மொக்கச்சாமி தினமும் ஏலக்காய் விலை கேட்கிற மாதிரியே, "அக்கா கிரியாட்டினின் இன்னைக்கு என்ன நெலவரம் அண்ணாச்சி?" என்று கேட்பான். நடுவில் ஒருதரம் 2.6 என்றேன். "ஏறுமுகந்தான், இன்னும் ஏறும், விட்றாதீக" என்று வாழ்த்திவிட்டுப் போனான்.

அவளுக்கு வாய் காய்ந்தது. உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றியது. "என்னமோ மாதிரி வருதுங்க" என்று மூன்று நாள் சொன்னாள். மருந்து வேலை செய்கிறது என்று நான்தான் சொன்னேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன் என்பதை இந்தத் தாளில் இரண்டு தரம் அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

புதன்கிழமை குரங்கணிக்கு மேலே நம்முடைய துண்டுத் தோட்டத்தில் காய் எடுப்பு. வரவேண்டாம் என்றேன், வந்தே தீருவேன் என்றாள். ஜீப் குலுக்கிய குலுக்கலிலேயே முகம் வெளுத்துவிட்டது. பதினோரு மணிக்குச் செடிக்கு நடுவில் நின்றவள் ஒரு சத்தமும் இல்லாமல் சரிந்துவிட்டாள். காய் எடுக்கிற முனீஸ்வரி ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டு, "ஆத்தா, கண்ணைத் தொறங்க, ஆத்தா" என்று கன்னத்தைத் தட்டுகிறாள், நான் டவர் இல்லாத போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஜீப் ஓட்டுகிற மாரீஸ்வரன் ஏற்றியிருந்த லோடு மூட்டைகளை அப்படியே ரோட்டோரம் தள்ளிவிட்டு அவளைப் படுக்கவைத்தான். அந்த ரோட்டில் அவன் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வளைவிலும், "அக்கா பேசுதா அண்ணாச்சி? பேச வைங்க, தூங்க விடாதீக" என்று கத்திக்கொண்டே வந்தான். நான் என்ன பேசுவது? கல்யாணமான நாளிலிருந்து பேசுகிறவள் அவள், கேட்கிறவன் நான். கடைசியில் அன்றைய ஏலக்காய் விலையைச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, "அதுக்குக் குடுத்துறாதீக" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

போடி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பிரஷர் எழுபதுக்குக் கீழே. அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு தங்கள் மூத்த மகள் சோனியா வயதுதான் இருக்கும். என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். பழக்கதோஷம், "சாதாரண மாத்திரைதாம்மா" என்றேன். மறுபடியும் கேட்டார். "சர்க்கரைக்கு" என்றேன். மூன்றாவது தடவை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "ஐயா, நீங்க மறைக்கிறது தெரியுது. எனக்கு நேரம் இல்ல. அவங்களுக்கும் இல்ல" என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாத்திரை, கஷாயம், மச்சான் பொடி, எல்லாம். அவர் திட்டவில்லை, எழுதிக்கொண்டே போனார். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாயிருந்திருக்கும்.

ஆம்புலன்சில் மதுரை. கிரியாட்டினின் 4.6. நீரை இறைக்கிற மருந்தை இரண்டு பக்கமும் கொடுத்து, என்னவென்றே தெரியாத பொடியையும் சேர்த்து உடம்பைக் கிணறு மாதிரி வற்றடித்திருக்கிறோம், ரத்த ஓட்டமில்லாமல் கிட்னி சுணங்கிப்போயிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். மாரீஸ்வரன் வீட்டிலிருந்து நோட்டோடு எடுத்துவந்த தங்கள் டப்பாவை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். அதை யாரிடம் வாங்கினீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று வெரசாகக் கேட்டு ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுதவும். அப்புறம் பொற்கொடி அம்மாவின் நம்பரைக் கேட்டார். சரி, இப்போது சண்டை வரும் என்று சுவரோரம் ஒதுங்கி நின்றேன். மச்சான், பத்து நிமிஷம் பேசினார்கள், ஒரு சத்தம் இல்லை. அந்த அம்மா, இப்போதைக்குக் கஷாயத்தைச் சுத்தமாக நிறுத்துங்கள், தேறி வந்தபிறகு சாப்பாடு, தூக்கம், நடை இவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன், மருந்து என்று எதைக் கொடுத்தாலும் உங்களைக் கேட்டுத்தான் கொடுப்பேன் என்றாராம். இவரும் சரி என்றாராம். போனை வைத்துவிட்டு என்னிடம், "அவங்க உங்ககிட்டக் கேட்டதைத்தான் நானும் கேட்டிருப்பேன். நீங்க ரெண்டு பேருக்கும் பதில் சொல்லல" என்றார். நான் போட்டிக்கு நிறுத்திய இரண்டு பேரும் முதலிலிருந்தே ஒரே பக்கம் நின்றிருக்கிறார்கள், எதிர்ப்பக்கம் நான் ஒருத்தன்தான்.

இப்போது மணி மூன்றே முக்கால். ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனிமேல் டாக்டரிடமோ, சாந்தகுமாரியிடமோ உடம்பு விஷயத்தில் ஒரு வார்த்தை மறைக்கமாட்டேன். மறைத்தால் என்ன ஆகும் என்பதைக் குரங்கணி ரோட்டில் பார்த்துவிட்டேன். தாங்கள் குடும்ப ஜெபத்தில் அவள் பெயரை முதலிலும், இடமிருந்தால் என் பெயரைக் கடைசியிலும் சொல்லவும். ஜாக்குலின் அக்காவுக்கு வந்தனம், பிள்ளைகளுக்கு முத்தம். கிருபை தங்களோடு இருப்பதாக.

இப்படிக்கு,
தங்கள் பாவப்பட்ட மச்சினன்
தங்கபாண்டியன்

பின்குறிப்பு: மணி ஐந்து. ஒரு கவரில் இரண்டு ரிப்போர்ட் வந்தது. மேலே இருந்ததில் 2.1 என்று பார்த்ததும் வராந்தாவிலேயே முழங்கால் போட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். நாலு பேர் கூடிவிட்டார்கள். எழுந்தபிறகுதான் பெயரைப் பார்த்தேன். அது என்னுடையது. காலையில் நர்ஸ் என் பிரஷரைப் பார்த்துவிட்டு, நீங்களும் கையை நீட்டுங்கள் என்று எனக்கும் ரத்தம் எடுத்திருந்தாள். முழங்கால் வலிக்கு எட்டு வருஷமாகக் கடையில் வாங்கி விழுங்குகிற மாத்திரைதான் காரணமாயிருக்கும் என்கிறார் டாக்டர். சாந்தகுமாரிக்கு 3.8, நீர் நன்றாகப் பிரிகிறது, டயாலிசிஸ் வேண்டாம். சுகம் என்று இப்போது எழுதிவிடுகிறேன். "ஒங்க ரிப்போர்ட்டு என்னாச்சு?" என்று கேட்டாள். சுத்தமாக இருக்கிறது என்றேன். உண்மை தெரிந்தால் அவள் சலைனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எனக்குப் பத்தியச் சமையல் பண்ணக் கிளம்பிவிடுவாள். வீட்டுக்கு எழுதுகிற பதிலில் மழையைப் பற்றி மட்டும் எழுதவும், வீட்டில் தபாலைப் பிரிக்கிறவள் அவள்தான்.