டோப்பாக் கடைக்கு ஒரு லூப்

"உங்க லூப் இருக்கே அத்தான், அது சுத்திக்கிட்டேதான் இருக்கும். எங்கேயும் போய்ச் சேராது."

"உன்னுது மட்டும் என்னவாம்? தன்னையே தான் கூப்பிட்டுக்குது. வீட்டுல ஒருத்தன் தன் பேரைத் தானே கூப்பிட்டுக்கிட்டு அலைஞ்சா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவோம், கம்ப்யூட்டர்ல ஏத்த மாட்டோம்."

"அதுக்குப் பேரு ஃபங்ஷனல்..."

"அதுக்குப் பேரு திமிரு மச்சான்."

மாடியறைக் கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர்தான். ஒருவர் அத்தான். இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி. அவர்களுக்கு வாய்த்த ஒரே நிரந்தர வாடிக்கையாளர் ஒரு டோப்பாக் கடைக்காரர். கடைக்கு வருகிறவரின் முகத்தைக் கேமரா பிடிக்கும். அத்தான் எழுதிய புரோகிராம் நாற்பதாயிரம் டோப்பாக்களையும் ஒவ்வொன்றாக அந்தத் தலையில் வைத்துப் பார்த்து, பொருத்தமானதைச் சொல்லும்.

காலையில் கடைக்காரர் போன் செய்தார். "உங்க புரோகிராம் சரிப்படல. சாயங்காலம் வரேன். மாத்த முடியலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்." வைத்துவிட்டார்.

என்ன சரிப்படவில்லை என்று திருப்பிக் கேட்க இருவருக்கும் தோன்றவில்லை. புரோகிராம் எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த வியாதி ஒன்றே ஒன்றுதான்: வேகம் போதாது.

"அவர் போயிட்டா இந்த ரூமை வாடகைக்கு விட்டுடுவேன்" என்றாள் வாசலில் நின்ற அக்கா. "நீங்க ரெண்டு பேரும் பெரியண்ணன் டைல்ஸ் கடையில பெட்டி தூக்கலாம். பேசி வெச்சாச்சு."

பெரியண்ணன் கடையில் லிஃப்ட் கிடையாது. அத்தானுக்கு இப்போதே முதுகு வலித்தது.

மச்சான் உட்கார்ந்து எல்லாவற்றையும் தன் பாணியில் புதிதாக எழுதினான். அத்தானின் லூப் எளிது: ஒரு டோப்பாவைப் பார், கணக்கில் ஒன்றை ஏற்று, அடுத்ததற்குப் போ. மச்சானின் புரோகிராம் முதல் டோப்பாவை மட்டும் பார்க்கும். மீதியைப் பார்க்கத் தன்னையே மறுபடி கூப்பிடும். அதுவும் ஒன்றைப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிடும்.

ஓடவிட்டார்கள். அத்தானுடையது இரண்டு நொடியில் முடிந்தது. மச்சானுடையது பாதியில் செத்தது.

"என்னடா ஆச்சு?"

"கூப்பிட்டவன் எல்லாம் பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கறான். வரிசை நீண்டு இடமே இல்லாமப் போச்சு."

"காலையில நம்ம வீட்டு பாத்ரூம் வாசல் மாதிரியா?" என்றாள் அக்கா.

கூப்பிட்டவன் காத்திருக்காமல் கிளம்பிவிடும்படி மாற்றி எழுதினான். இப்போது ஓடியது, ஆனால் பின்தங்கியது.

"உங்க கம்ப்யூட்டர் புதுசு அத்தான். மாத்திக்குங்க."

மாற்றிக்கொண்டார்கள். மச்சானின் பழைய லேப்டாப் கொதித்தது. அத்தானின் லூப் நொண்டியது.

"சூடு. அதான் காரணம்" என்ற அத்தான் கீழே போய், ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்து லேப்டாப்பை உள்ளே வைத்தார். கதவை மூடினால் திரை தெரியவில்லை. திறந்து வைத்துத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். சற்று நேரத்தில் லேப்டாப் வியர்த்து, ஒரு தடவை இருமி, அணைந்தது.

"ஃப்ரிட்ஜுல இருந்த பாலு எங்க?" மேலிருந்து இறங்கியபடியே கேட்டாள் அக்கா.

"படியிலதான் வெச்சேன்."

பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அது வெகு நேரம் உருண்டது.

மிஞ்சியது ஒரே கம்ப்யூட்டர். மச்சான் முதலில் ஓட்டினான். தட்டிய விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

"சைபர் நொடி. பார்த்துக்குங்க."

"பதில் எங்கடா?"

"பதிலை யாரும் கேக்கலையே. இந்த மொழியில கேட்டாத்தான் வேலை நடக்கும். இல்லேன்னா செஞ்ச மாதிரியே இருந்துடும்."

"பொறந்ததுலேருந்து உன்னை அப்படித்தானே பார்க்கறேன்" என்றாள் அக்கா, புடவையிலிருந்து பாலைப் பிழிந்தபடி.

அத்தான் விடுவாரா. தன் புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரை முழு வேகத்துக்கு முடுக்கி ஓடவிட்டார். அதுவும் சைபர். அவர் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"விடையை எங்கேயும் பயன்படுத்தலைன்னு கம்பைலர் லூப்பையே தூக்கிப் போட்டுடுச்சு."

"ஆக, ஒண்ணுமே செய்யாம இருக்கறதுல யாரு வேகம்னு ரெண்டு பேரும் போட்டி போட்டிருக்கீங்க."

மணி ஐந்தாகப் போகிறது. டைல்ஸ் பெட்டி இருவர் கண்முன்னும் வந்து நின்றது. மச்சான் மெல்ல, "டோப்பாவையெல்லாம் என் வழியில பத்து பங்காப் பிரிச்சு, ஒவ்வொரு பங்குக்கும் உங்க லூப்பை ஒரே நேரத்துல ஓடவிட்டா என்ன அத்தான்?" என்றான்.

"இதை நான் காலையிலேயே நெனச்சேன்" என்றார் அத்தான், நினைக்காமலேயே.

எழுதினார்கள். சோதிக்க ஒரு முகம் வேண்டும்.

"கொஞ்சம் இப்படி வாயேன். மூஞ்சியை அப்படியே வெச்சுக்க, முறைக்கறது தெளிவா விழுது."

அக்கா முறைத்து முடிப்பதற்குள் திரையில் அவள் தலைக்குச் சுருள்முடி வந்துவிட்டது. விடையும் சரி, நேரமும் கிட்டத்தட்ட இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள், தலையைச் சாய்த்துப் பார்த்து.

அத்தானும் மச்சானும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் மணியடித்தது.

கடைக்காரர் தலையில் இருந்தது கடையின் மிக உயர்ந்த சரக்கு. மாடிப்படி ஏறி வந்தும் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரக் குனிந்தபோதே கேமரா பிடித்தது. முழுதாக உட்காருவதற்குள் திரையில் விடை.

"பார்த்தீங்களா சார், நீங்க இன்னும் உக்காரவே இல்ல."

"நாற்பதாயிரமும் பார்த்தாச்சு சார்" என்றான் மச்சான்.

கடைக்காரர் திரையைப் பார்த்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டோப்பாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கைக்குட்டையால் மண்டையை நிதானமாகத் துடைத்தார்.

"பழசே ரெண்டு நொடியில சொல்லிடுது, 'என் தலையைச் சரியாப் பார்க்கவே இல்ல'ன்னு கோவிச்சுக்கிட்டு ஜனங்க எழுந்து போயிடறாங்க, ஒரு பத்து நிமிஷமாவது யோசிக்கிற மாதிரி அதை மெதுவாக்கித் தரச் சொல்லத்தானே தம்பி நான் வந்தேன்."