சம்பந்தி மேல் பட்ட கால்

எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஒரு மனிதன் ஓடக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. தாராளமாக ஓடலாம். காரணம்தான் வேண்டும். பஸ் கிளம்பியிருக்க வேண்டும், அல்லது மாடு அவிழ்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும், அல்லது யார் வீட்டிலாவது உயிர் போய்க்கொண்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் ஒருவன் ஓடினால் அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் ஊர் நினைக்கும். எழுபதுகளில் ஒரு பொங்கல் சமயத்தில் இதை நான் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு வயது முப்பத்து மூன்று. ஊர் பென்னலூர். தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. அப்பா காலமாகிவிட்டதால் குடும்பத்துக்குப் பெரியவன் நான்தான். இரண்டு பிள்ளைகள், ஒரு மனைவி, ஒரு தொப்பை. இவையெல்லாம் வருவதற்கு முன்னால் நான் சடுகுடு ஆடுவேன். பள்ளிக்கூடத்தில் நான் பாடிக்கொண்டு போனால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்பமாட்டேன் என்று பேர் வாங்கியிருந்தேன் (அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான் ஒருவன்தான் என்று மனைவி வசந்தா சொல்வாள்). கல்யாணத்துக்குப் பிறகு என்னை ஆடாதே என்று ஒருவரும் தடுக்கவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டிரில் மாஸ்டர் வந்தார். மனிதருக்கு உலகத்தைத் திருத்தியே தீரவேண்டும் என்கிற வியாதி. மார்கழி பஜனைக்குக் கட்டியிருந்த மைக்கை ஒரு நாள் பிடுங்கி, "முப்பது வயசு ஆனா நம்ம ஆளுங்க உடம்பை அசைக்கிறதே இல்ல. காணும் பொங்கல் சடுகுடுல இந்த வாட்டி பசங்க ஆட்டம் கிடையாது. கல்யாணமானவங்க மட்டும்தான்!" என்று அறிவித்துவிட்டார். எதிரணி வடக்குப்பட்டு.

வடக்குப்பட்டு என்பதுதான் சிக்கல். ஏனென்றால் என் தங்கை சுலோச்சனாவை அந்த ஊரில்தான் கொடுப்பதாக இருந்தோம். அவளுக்கு இருபத்தாறு வயது. அந்தக் காலத்துக்கு அது ஊர் பேசுகிற வயது. அதற்குள் நாலு வீட்டார் வந்து, பஜ்ஜி தின்று, கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போனவர்கள் போனவர்கள்தான். ஐந்தாவதாக வந்தது வடக்குப்பட்டு ஏகாம்பரம் வீடு. பையன் கிண்டியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். நிச்சயம் முடிந்து, தை மாதக் கடைசியில் முகூர்த்தம் குறித்து, பத்திரிகையும் அச்சடித்து வந்துவிட்டது.

பையனின் அப்பா ஏகாம்பரம் நல்ல மனிதர்தான். ஆனால் மரியாதையில் ஒரு குன்றிமணி குறைந்தாலும் எழுந்து போய்விடுவார். இதற்கு முன்னால் அந்தப் பையனுக்குப் பார்த்த ஒரு சம்பந்தத்தை அவர் முறித்த கதை எங்களுக்குத் தெரியும். பெண்ணின் அண்ணன் அவர் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தானாம். வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டாராம். இந்தச் சம்பந்தத்தில் பெண்ணின் அண்ணன் நான். அவர் எதிரில் நான் உட்காரும்போதெல்லாம் இரண்டு பாதத்தையும் தரையில் ஒட்டவைத்து, ஸ்கூல் குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரிதான் உட்காருவேன்.

"எனக்கு ஆபீசில் வேலை இருக்கிறது" என்று சொல்லி ஆட்டத்திலிருந்து நழுவத்தான் பார்த்தேன் (பொய். காணும் பொங்கலுக்கு எந்த ஆபீஸ்?). ஆனால் ஏகாம்பரமே ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: "பொண்ணோட அண்ணன் நல்லா ஆடுவாராமே. நானும் பாக்கறேன்." ஆடாவிட்டால் அது ஒரு மரியாதைக் குறைவு. அதற்கு மேல் ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆட ஆசையாக இருந்தது. பத்து வருஷமாக யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறேன். அது கூப்பிட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பத்து நாளில் உடம்பைத் தயார் செய்யவேண்டுமே. மறுநாள் விடியற்காலையில் ஏரிக்கரைமேல் ஓட ஆரம்பித்தேன். கால் பர்லாங்கு போயிருக்கமாட்டேன், பால் கறந்துகொண்டு வந்த பக்கத்து வீட்டு சாமிக்கண்ணு செம்பைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாச்சிடா? யாருக்கு இன்னா?" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். எனக்கு மூச்சு வாங்கியதில் பதில் வரவில்லை. பதில் வராததால் விஷயம் பெரிது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நான் மதகுப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தால் பின்னால் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் கையில் தடியோடு.

"திருடன் எந்தப் பக்கம் போனான்?" என்றான் ஒருவன்.

"திருடனும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா ஓடறேன்."

"சும்மாவா?" சாமிக்கண்ணு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆபீஸ்ல எதுனா பிரச்னையா? மன்சுல வச்சிக்காத. எங்ககிட்ட சொல்லுப்பா."

சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் அம்மாவுக்கு மூன்று பேர் யோசனை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றிலும் வேப்பிலை உண்டு. "நீ ஓடினா உனக்கு நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியாது. கல்யாணம் வச்சிகினு கீற வூட்ல, பொண்ணோட அண்ணனுக்குப் புத்தி பேதலிச்சிடிச்சின்னு சேதி போனா இன்னாடா பண்றது?" என்றாள் அம்மா. அதோடு ஓட்டம் நின்றது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன். அதையும் பிள்ளைகள் பார்த்துவிட்டு, அப்பா ஏதோ தப்புப் பண்ணிவிட்டார், அம்மா தண்டனை கொடுத்திருக்கிறாள் என்று தெருவில் சொல்லிவிட்டார்கள்.

அடுத்தது உடை. மற்றவர்கள் பட்டாபட்டி டிராயரோடு ஆடுவார்கள். குமாஸ்தா பட்டாபட்டியோடு நிற்கலாமா? பழைய ஆபீஸ் பேன்ட் ஒன்றை முழங்காலுக்கு மேல் நானே வெட்டினேன். ஒரு கால் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. வசந்தா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டு புள்ள பெத்த ஆம்பள, அரை டவுசர் போட்டுகினு சம்பந்தி எதிர்ல நிக்கப்போறியா? ஐயோ, எங்கப்பனுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

பொங்கலுக்கு முதல் நாள் சுலோச்சனா என்னிடம் தனியாக வந்தாள். வழக்கமாக வாயைத் திறக்காதவள்.

"அண்ணா, ஆடு. ஆனா அந்த ஊருக்காரங்க யார் மேலயும் உன் கால் படக்கூடாது."

"சடுகுடுல கால் படாம எப்பிடிம்மா?"

"அது எனக்குத் தெரியாது. எனக்கு இந்த வூடு வேணும். அவர எனக்குப் புடிச்சிகீது." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கால் படாது என்று அவளுக்குச் சத்தியம் செய்துகொடுத்தேன்.

காணும் பொங்கலன்று அறுவடை முடிந்த வயலில் கோடு போட்டு, இரண்டு ஊரும் வரப்பில் உட்கார்ந்தது. ஏகாம்பரம் பார்க்க வருவார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தார். கும்பிட்டேன். பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, துண்டை மகனிடம் கொடுத்தார். சட்டையைக் கழற்றினார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு அந்தப்பக்கம் மூலையில் போய் நின்றார். ஐம்பத்தைந்து வயது, ஏர் பிடித்த தோள். கல்யாணமானவர்கள் என்றால் அவரும் கல்யாணமானவர்தானே! இது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

ஆட்டம் தொடங்கியது. அவர் பாடிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தபோது மற்றவர்கள் பதுங்கினார்கள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். பெரியவர் வருகிறார், வழி விடாமல்? "வாங்க மாமா" என்ற வார்த்தை உதடுவரை வந்துவிட்டது. அவர் நிதானமாக இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

எங்கள் அணித் தலைவர் சாமிக்கண்ணுதான். (அன்றைக்கு என் பின்னால் ஓடிவந்ததில் அவருக்கே ஒரு தெம்பு வந்துவிட்டிருந்தது.) "டேய், அவரு இன்னா தாம்பூலம் மாத்தவா வந்துகீறாரு? புடிடா!" என்று கத்தினார். நான் பாடிப் போகும்போதும் ஏகாம்பரம் நின்ற மூலையை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்துக்கும் போய் வந்தேன். கைக்கு எட்டியவர்களைக் கையால் மட்டும் தொட்டேன். அப்படியே மூன்று பேர் விழுந்தார்கள்.

கடைசியில் ஒரு கட்டம் வந்தது. எங்கள் பக்கம் எல்லோரும் அவுட், மிச்சம் நான். அவர்கள் பக்கம் எல்லோரும் அவுட், மிச்சம் ஏகாம்பரம். பாட்டு என்னுடையது. தொட்டுத் திரும்பினால் பென்னலூர் ஜெயித்தது. வரப்பில் அம்மாவும் சுலோச்சனாவும் நிற்பது தெரிந்தது. சுலோச்சனா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையால் தொட எவ்வளவோ முயன்றேன். மனிதர் நழுவினார். எனக்கு மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது. திரும்பிவிடலாம் என்று நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்பினேன், அந்த நேரம் பார்த்து அவர் பிடிக்கப் பாய்ந்தார். என் பின்னங்கால், என்னைக் கேட்காமல், பள்ளிக்கூடத்தில் செய்ததைச் செய்தது. பொளேரென்று அவர் முழங்காலில் பட்டது.

நடுக்கோடு இரண்டு எட்டில் இருந்தது. பென்னலூர் முழுக்க எழுந்து குதித்தது. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, எனக்குப் பதினாறு வயது. அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை மறக்கவில்லை.

மறு விநாடி எனக்கு முப்பத்து மூன்று வயதாகிவிட்டது. காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வளர்ப்பு. பட்டது சம்பந்தி மேல். உடம்பு தானாகத் திரும்பியது, குனிந்தது, அவர் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. "சடுகுடு சடுகுடு" என்று போய்க்கொண்டிருந்த வாய், "மன்னிச்சுக்குங்க மாமா" என்றது.

குனிந்தவனைப் பார்த்ததும் அவருக்கும் வளர்ப்பு வேலை செய்தது. "நல்லா இரு தம்பி" என்று இரண்டு தோளையும் பிடித்து என்னைத் தூக்கி நிறுத்தினார். டிரில் மாஸ்டர் விசில் ஊதினார். "பாட்டு நின்னுடுச்சி. ஆளைப் புடிச்சாச்சி. அவுட்! வடக்குப்பட்டு!"

சாமிக்கண்ணு கோட்டுக்குள் பாய்ந்தார். "அது எப்பிடிங்க அவுட்டு? அவரு ஆசீர்வாதம் பண்ணாருங்க! ஆசீர்வாதம் புடியாகுமா?" இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் ஏகாம்பரத்தையே கேட்டார்கள். பொய் சொல்லாத மனிதர். "ஆசீர்வாதம்தான் பண்ணேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா கெட்டியாத்தான் புடிச்சிருந்தேன்" என்றார். வடக்குப்பட்டு ஜெயித்தது. என்னைத் திட்ட அன்றைக்கு எங்கள் ஊரில் வரிசை நின்றது.

அது எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் ஏகாம்பரம் எங்கள் வீட்டுக்கு வந்தார், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, விந்தி விந்தி. அம்மா காப்பி கொடுத்தாள். சுலோச்சனா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் வளையல் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவர் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"கல்யாணத்த தை கடைசியில வச்சிகீறோம் இல்ல," என்றார். "அது நடக்காது."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து, "மாமா, தப்பு என்னுது, பொண்ணு ஒண்ணும் பண்ணல..." என்று ஆரம்பித்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"உக்காரு தம்பி. நான் சொல்றத கேளு." வேட்டியை விலக்கிக் காட்டினார். முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. "மாவுக்கட்டுக்காரரு பாத்துட்டாரு. ஒரு மாசம் காலை மடக்கக்கூடாதாம். மணையில உக்காந்து சடங்கு பண்ணணும், நான் இன்னா, நாற்காலி போட்டுகினா உக்கார்றது? மாசியில வச்சிக்கலாம். அதுக்குள்ள நீ வேற எங்கயும் ஆடிடாத."

கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையும் சிரித்தார். நான் மட்டும் இரண்டு பாதத்தையும் தரையில் ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தேன்.

அச்சடித்த பத்திரிகைகளில் தேதியை அடித்துத் திருத்தி எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. விழ வேண்டியதுதான். ஆபீஸ் பழக்கத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் சுருக்கொப்பம் போட்டுவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குத் தாலுகா ஆபீசில் அனுமதி வாங்கவேண்டுமா என்று இரண்டு வீட்டில் பயந்துபோய்க் கேட்டார்களாம். அடுத்த பொங்கலுக்கு டிரில் மாஸ்டர் ஒரு புது விதி கொண்டுவந்தார்: ஆட்டத்தில் யார் மேல் கால் பட்டாலும் ஆட்டம் முடிந்த பிறகு மொத்தமாகக் கும்பிட்டுக்கொள்ளவேண்டும். இரண்டு ஊரும் மாமன் மச்சான் உறவு என்பதால், ஆட்டம் அரை மணி நேரம், கும்பிடு முக்கால் மணி நேரம் என்று ஆகிவிட்டது. என்னை மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

சுலோச்சனாவுக்கு இப்போது பேரப் பிள்ளைகள். மாசியில் அவள் கல்யாண நாள் வரும்போதெல்லாம் வீடு நிறையக் கூட்டம் கூடும். புதிதாக வந்த மருமகளோ மருமகனோ மரியாதைக்காக, "உங்க கல்யாணத்துக்கு யாரு நாள் குறிச்சது அத்தை?" என்று கேட்டுவிட்டால் போதும். மற்றவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்ப்பார்கள்.

"ஊர்ல எல்லாருக்கும் ஜோசியரு கையால குறிச்சிக் குடுப்பாரு," என்பாள் அவள். "எனக்கு எங்க அண்ணன் காலால குறிச்சிக் குடுத்தாரு."