அப்பவே சொன்ன பியென்

பஞ்சம், வெள்ளம், படையெடுப்பு எதிலும் அழியாத ஓர் இனம் உண்டு. 'அப்பவே சொன்னேன்' இனம். எங்கள் பீகிங் நகரில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். முரசுக் கோபுரத்து தேநீர்க்கடைக்கு வாய்த்தவர் பியென். மைனாக் கூண்டை ஆணியில் மாட்டிவிட்டு, தர்பூசணி விதையைக் கொறித்தபடி உட்கார்ந்தாரானால், நடந்து முடிந்த எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

மழை பொய்த்ததா? "தண்டவாளம் போட்டப்பவே சொன்னேன், பூமியோட நரம்பு அறுந்துபோச்சுன்னு." சிவப்புத் தலைப்பாகை கட்டிய கிராமத்து இளைஞர்கள், மந்திரம் ஜபித்த உடம்பைத் துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்று கத்திக்கொண்டு, அந்நியரைத் துரத்த நகருக்குள் புகுந்தார்களா? "ஜனங்க பொங்குவாங்கன்னு அப்பவே சொன்னேன்!" தெருவில் அவர்களுக்காக முதலில் சிவப்புத் துணி கட்டிய வாசல் அவருடையதுதான். இரண்டே மாதத்தில் அந்நியப் படைகள் மதிலை உடைத்தன, மகாராணி வண்டியேறி ஓடினார், குண்டு எல்லோரையும் துளைத்தது.

"மந்திரத்துல மாங்கா விழுமா? அப்பவே சொன்னேனே!"

அந்நியப் படைகள் நகரைப் பங்கு போட்டுக்கொண்டதும் ஓர் உத்தரவு வந்தது. எந்தப் படை ஆளும் பகுதியோ, அந்த நாட்டுக் கொடி வாசலில் தொங்கவேண்டும், இல்லையேல் கலகக்காரன். பியென் அதே சிவப்புத் துணியை வட்டமாக வெட்டி வெள்ளைத் துணியில் தைத்தார். எதிர்வீட்டில் கடிகாரம் பழுதுபார்க்கும் கெங்குக்குக் குழப்பம்.

"அண்ணே, நான் எதைக் கட்டறது?"

"இதென்னய்யா கேள்வி? வட்டந்தான். நான் சொல்றேன்ல!"

எல்லைக்கோடு நடுத்தெருவில் ஓடுகிறது என்பது யாருக்குத் தெரியும்? வடவரிசை வட்டக்கொடிக்கு, கெங் இருந்த தென்வரிசை மூன்று பட்டைக் கொடிக்கு. மறுநாள் காலையில் மூன்று பட்டைச் சிப்பாய்கள் வந்து, கெங்கைச் சடையைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

அவர் மனைவி தேநீர்க்கடைக்கு ஓடிவந்தாள். "ஐயா, நீங்க சொல்லித்தானே கட்டினாரு? அவங்க பேச்சு தெரிஞ்ச துபாஷிகிட்ட வந்து அந்த ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்குச் சுட்டுருவாங்களாம்!"

பியென் விதைத்தோலைத் துப்பினார்.

"நானா? நான் எப்பம்மா சொன்னேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கூண்டைத் தெருவில் வீசியிருப்பேன். வீசவில்லை. அவளோடு போகவும் இல்லை. அவமானமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

கெங் பிழைத்தார். படை அதிகாரியின் சட்டைப்பைக் கடிகாரம் ஒரு வாரமாக நின்றுபோயிருந்ததாம். இவர் அதை ஓட வைத்ததும் அவிழ்த்துவிட்டார்களாம். அவர் நொண்டிக்கொண்டு தெருமுனையில் திரும்பியதும் பியென் எழுந்து நின்றார். "கடிகாரம் கத்துக்கோடான்னு நான் அப்பவே சொன்னேன்!"

என்ன சிரிக்கிறீர்கள்? கெங்கின் தொழிலைச் சொன்னபோதே முடிவு தெரிந்துவிட்டது என்கிறீர்களா? அப்படியானால் உள்ளே வாருங்கள். பியென் பக்கத்து முக்காலி காலியாகத்தான் இருக்கிறது.