பசை காயும்வரை பெண் பார்த்தார்கள்

எங்கள் ஊரில் பனி கொட்டாது. திருவண்ணாமலை வெயிலிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் அது தெரியும். யாரும் சிரமப்பட்டு எடுத்துச் சொல்ல வேண்டாம். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டார்கள்.

போன குளிர்காலத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் தோழிகளோடு மணாலி போய், வாடகைப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்கினேன். (சறுக்கினது கம்மி, உருண்டது ஜாஸ்தி.) அடுத்த முறை என் கையால் செய்த பலகையில்தான் சறுக்குவேன் என்று அங்கேயே சபதம் போட்டேன்.

பலகைக்கு முதலில் அச்சு வேண்டும். முன்நுனி மேல்நோக்கி வளைய வேண்டும் அல்லவா? அந்த வளைவில் பிளைவுட்டை அறுத்து, கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு அச்சுகள் செய்தேன். நடுவில் இரண்டு பலகைகளுக்குமான மெல்லிய மரத் தகடுகளைப் பசை தடவி அடுக்கி, மேலே பாரம் ஏற்ற வேண்டும். பசை காய்ந்தால் மரம் வளைந்தபடியே நின்றுவிடும். காய்வதற்குள் பாரத்தை எடுத்தாலோ, நிமிர்ந்துகொள்ளும். மாதக்கணக்கான உழைப்பு விறகாகிவிடும்.

பாரத்துக்கு அப்பாவின் கடலை மூட்டைகள் இருந்தன. விடிந்ததும் ஹாலில் அச்சை வைத்து மூட்டைகளை ஏற்றினேன். மாலையில்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்குள் காய்ந்துவிடும் என்பது என் கணக்கு. ஆனால் அன்று பௌர்ணமி. மதியத்துக்கு மேல் கிரிவலக் கூட்டத்தில் வண்டியை விடமாட்டார்கள் என்று அவர்கள் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள்.

புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு வந்தால், மூட்டைகளைக் காணோம்.

"மல்லாட்டை மூட்டைய எவளாவது ஹால்ல வெப்பாளா?" என்று அம்மா என் காதைக் கடித்தாள். மூட்டைகளை வெளியே தள்ளிவிட்டு, அச்சின் மேல் ஜமுக்காளம் விரித்திருந்தாள். அதை பெஞ்சு என்று நினைத்து மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். முன்நுனியில், அழுத்தம் எங்கே வேண்டுமோ சரியாக அங்கே, மாப்பிள்ளையின் பெரியப்பா. எந்த மூட்டைக்கும் குறைந்தவர் இல்லை. மாப்பிள்ளை மட்டும் தனியாக பிளாஸ்டிக் நாற்காலியில்.

இவர்களை எழவே விடக்கூடாது என்று முடிவு செய்தேன். பஜ்ஜி, கேசரி, மறுபடியும் காபி என்று ஓடி ஓடிப் பரிமாறினேன். கை கழுவ எழப்போன அத்தைக்குச் சொம்பும் கிண்ணமும் உட்கார்ந்த இடத்துக்கே போயின. பாடத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது. ஆனாலும் பாடினேன். (நீளமாகவே.)

மாப்பிள்ளையின் அம்மா உருகிப்போனார். "பொண்ணுக்கு நம்மள அனுப்பவே மனசில்ல, பாருங்க!"

பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "ரோட்ட அடச்சிடுவாங்க, கெளம்பலாம்."

"ஏந்திரிக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். "பசை இன்னும் காயல."

இதில் மறைக்க என்ன இருக்கிறது? பனி, பலகை, அச்சு, பெரியப்பாவுடைய எடையின் அருமை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"நம்ம ஊர்ல ஏதும்மா பனி?" என்றார் பெரியப்பா.

"நம்ம ஊர்ல கடலும்தான் இல்லீங்க. மீன் சாப்புடாமலா இருக்கோம்?"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பெரியப்பா விருட்டென்று எழுந்தார். ஓரத்தில் பிதுங்கிய பசையில் ஊறிய ஜமுக்காளமும் அவருடைய வேட்டியோடு எழுந்தது. பெண்கள் இருவரும் அலறியடித்துக்கொண்டு எழ, அவர் ஜமுக்காளத்தை ராஜா மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டே வண்டிக்கு நடந்தார். அச்சு மெல்ல வாயைத் திறந்தது. எனக்கு அழுகை முட்டியது. சம்பந்தம் போனதற்காக இல்லை, சத்தியமாக.

அப்போது மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்து வந்து, பெரியப்பா இருந்த அதே நுனியில் உட்கார்ந்தார். வெளியே ஹாரன் அடித்தார்கள். அவர் அசையவில்லை.

"இன்னும் எவ்ளோ நேரம் ஆவுங்க?"

"வெயில் தாழணும்."

"சரி. பஜ்ஜி மீதி இருக்கா?"

ஒரு ஆள் பாரம் போதவில்லை. பட்டுப்புடவையோடு நானும் போய் மறுமுனையில் உட்கார்ந்தேன். வண்டி அவரை விட்டுவிட்டே போய்விட்டது. பிறகு அவர் கிரிவலக் கூட்டத்தில் இடிபட்டு நடந்து போய்த்தான் பஸ் பிடித்தாராம்.

பலகைகளில் ஒன்று நேராகப் போகும். இன்னொன்று இடப்பக்கம்தான் போவேன் என்று அடம்பிடிக்கும். அவரையே கல்யாணம் பண்ணிக்கொண்டு, மணாலி போய் அவற்றிலேயே சறுக்கினேன், உருண்டேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு ஒரு ஜோடி செய்ய இப்போது ஹாலில் புது அச்சு தயாராக இருக்கிறது.

பெரியப்பா இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் எந்த இருக்கையானாலும் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பார். "காஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

"இன்னும் இல்லீங்க பெரியப்பா," என்பேன். "நுனிப் பக்கமா உக்காருங்க."